இரண்டாம் பாகம் வரவேயில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசிப்புப் பழக்கம் அழிந்துபோகிறது என்று உங்கள் பத்திரிகை உட்பட எல்லாரும் எழுதுகிறீர்கள். நான் வன்னியில், மல்லாவி என்ற ஊரில் றேடியோ திருத்தி வாழ்ந்தவன். வாசிக்க நான் தயார், காசு கட்டவும் தயார். அனுப்பத்தான் ஆள் இல்லை.

இந்தியாவிலிருந்து வரும் ஓர் ஆங்கில எலெக்ட்ரோனிக்ஸ் சஞ்சிகைக்கு 1984இல் சந்தா கட்டினேன். என் ஆங்கிலம் எட்டாம் வகுப்போடு சரி. சேர்க்கிட் படம் பார்க்க அது போதும். 1990இல் திரும்பவும் சண்டை தொடங்கியதும் இதழ் நின்றது. அதன் பிறகு கையிலிருந்த அறுபது எழுபது இதழ்கள்தான் எனக்கு வாத்தியார்.

பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். பழைய நேரம் இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. (கொழும்பு மணிக்கூட்டை மாற்றியபோது வன்னி மாற்றவில்லை. 'பழைய நேரம்' என்றால்தான் எங்கள் ஆட்களுக்கு விளங்கும்.) டைனமோ தருவது 6 வோல்ட் ஆடலோட்டம் (ஏசி மின்சாரம்). அதை அப்படியே றேடியோவுக்குக் கொடுத்தால் செய்தியைவிட இரைச்சல்தான் கூடக் கேட்கும். நான்கு டயோட்டும் ஒரு கப்பாசிட்டரும் போட்டால் அடங்கும். அந்தப் படம் என் இதழ் ஒன்றில் சைக்கிள் விளக்குக்கென்று வந்திருந்தது. அதில் 10 வோல்ட் தாங்கும் கப்பாசிட்டர் என்று போட்டிருந்தார்கள். அடுத்த இதழின் வாசகர் பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் நாலு வரி எழுதியிருந்தார்: வேகமாகச் சுற்றினால் டைனமோ 6 வோல்ட்டில் நிற்காது, 25 வோல்ட் கப்பாசிட்டர் போடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். நான் பழைய இதழை எடுத்து, படத்திலிருந்த 10ஐப் பென்சிலால் வெட்டி 25 என்று எழுதி வைத்தேன். பல வருடம் கழித்து அந்தப் பென்சில் எழுத்துத்தான் கைகொடுத்தது. செய்தி நேரத்தில் பொடியள் எப்படிச் சுற்றுவார்கள் என்று சொல்லவா வேண்டும்? நான் செய்து கொடுத்ததில் ஒன்றும் வெடிக்கவில்லை.

2008இல் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிக்கிடும்போது இதழ்களை உரப்பையில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனோம். செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து தோண்டினால், பெட்டியின் அடி கறள் பிடித்து ஓட்டை. உள்ளே கறையான் மண். இதழ்களைத் தைத்திருந்த கம்பிகள் மட்டும் சோடி சோடியாகக் கிடந்தன.

2011இல் கொழும்பில் ஒருவர் மூலம் திரும்பவும் சந்தா கட்டினேன். பத்து வருடம் ஒழுங்காக வந்தது. அப்புறம் பிந்தத் தொடங்கியது. கடைசியாகப் பன்னிரண்டு இதழுக்குக் காசு கட்டினேன், ஐந்து வந்தன. மீதி ஏழுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கடதாசி வந்தது: இனி இணையத்தில் வாசிக்கலாம், இதுதான் உங்கள் கடவுச்சொல். பேரன் அடித்துப் பார்த்தான், திறக்கவில்லை. மிச்சக் காசைக் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று தெரியும். இங்கிலாந்தின் சிற்றலை றேடியோ இதழ் 'ஷார்ட் வேவ் மேகசின்' 2005இலேயே போய்விட்டது. 1945இலிருந்து அமெரிக்காவில் வந்துகொண்டிருந்த அமெச்சூர் றேடியோ இதழ் 'சிக்யூ' 2023இல் நின்றது. 1872இல் தொடங்கிய 'பாப்புலர் சயன்ஸ்' 2021இல் அச்சை விட்டது. சென்னையில் 'கல்கி'யும் 2020இல் அச்சை விட்டது. எங்கள் நாட்டில் 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் 'தி ஐலண்ட்', 'திவயின' நாளிதழ்களே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தவில்லையா? தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட கொப்பித் தாளிலும் பேப்பர் அடித்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

முதலாளிமாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சஞ்சிகைகள் உதிரிப்பாகக் கடைகளின் விளம்பரத்தில் சீவித்தவை. இப்போது பொருட்களுக்குள் இருப்பது குறுணி அரிசியளவு பாகங்கள், யார் திருத்துகிறார்கள்? நானும் இதழ் பிந்திய மாதங்களில் யூடியூப் பார்த்தவன்தான். ஆனால் ஒரு கையில் சோல்டர் கம்பி, மறுகையில் அதை உருக்கும் சூட்டுக்கோல். படத்தைப் பார்க்கத் திரும்பினால் போன் இருண்டு கிடக்கும். பிசின் பிடித்த விரலால் தட்டினால் வேறு என்னவோ திறக்கும். வீடியோவுக்குக் கீழே 'அருமை அண்ணா' என்று நூறு பேர். '25 வோல்ட் போடு' என்று ஒருவரும் இல்லை. இருந்தாலும் அந்த நூறுக்குள் நான் எங்கே தேட?

எனக்கு இரண்டு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாள், அரைப் பக்கம், செய்து பார்க்கும் வேலைகளுக்குத் தாருங்கள். றேடியோவாக இருக்கலாம், தேனீப் பெட்டியாக இருக்கலாம், முத்திரை சேர்ப்பதாகவும் இருக்கலாம். அடுத்த மாதம் வாசகர் அதில் பிழை பிடிக்க ஆறு வரி இடமும் விடுங்கள்.

மற்றது என் சொந்த விஷயம். கடைசியாக வந்த இதழில் சிற்றலை றேடியோ ஒன்று செய்யும் முறையின் முதற்பாகம் இருந்தது. 'அடுத்த இதழில் முடியும்' என்று போட்டிருந்தார்கள். கொயில் (கம்பிச் சுருள்) சுற்றும் கணக்கு அந்த இரண்டாம் பாகத்தில். தமிழோசையும் 2017 ஏப்ரலோடு வானொலியில் நின்றுவிட்டது, இனி அதில் என்ன கேட்கப் போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். அது வேறு கதை. ஒரு அங்குல எஸ்லோன் (பிவிசி) குழாயில் பல விதமாகச் சுற்றிப் பார்த்துவிட்டேன். சீனாக்காரர் மட்டும் வருகிறார். 31 மீற்றர் சிற்றலை வரிசைக்கு எத்தனை சுற்று, எந்தச் சுற்றில் கிளை எடுப்பது என்று தெரிந்த வாசகர் யாராவது உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் நல்லது.

பழைய சந்தாக்காரன்,
மல்லாவி