செயலாளர் அறிக்கை 2025: ஜாடி, பன்றி, உலக்கை

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அண்ணன், பொருளாளர் அக்கா, மாசா மாசம் வந்து பின்வரிசைல உக்காந்து ஒன்னுமே பேசாம மீ கோரெங் மட்டும் சாப்பிட்டுப் போற தம்பிங்க, எல்லாருக்கும்தான். சங்கங்கள பதிவு பண்ற ஆர்ஓஎஸ் ஆபீசுக்கு அனுப்புற அறிக்கை தனியா மலாய்ல ரெண்டு பக்கம் இருக்கு, படிச்சா தூக்கம் வந்துரும். இது அறிவியல் பேசுற நம்ம பினாங்கு சங்கத்துக்குள்ள மட்டும்.

கணக்க முதல்ல முடிச்சிடுறேன். ஒன்பது கூட்டம், மூணு வெளி நிகழ்ச்சி. உறுப்பினர் 46, சந்தா கட்டினவங்க 29. மீதிப் பேரு யாருன்னு சொல்லமாட்டேன், வாட்சாப்ல தினமும் குட்மார்னிங் போடுறவங்கதான். மத்த காசு விவரம் பொருளாளர் அக்கா சொல்வாங்க.

பிப்ரவரி 11 தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போற ரோட்ல ஒரு தண்ணீர்ப்பந்தல் பக்கத்துல நமக்கு ஒரு மேசை குடுத்தாங்க. டிங்கிக் காய்ச்சல் பத்தி நோட்டீஸ் 500 அடிச்சோம், எழுதினது நான்தான், "ஏடிசுக் கொசுவின் இளம்புழுப் பருவம்"னு பெருமையா ஆரம்பிச்சேன், வாங்கின சனம் அத விசிறியா வீசிக்கிட்டே போயிருச்சு, 340 திரும்பி வீட்டுக்கு வந்துச்சு, இப்பவும் என் அலமாரிலதான் இருக்கு. மேசைல புழுவோட வச்சிருந்த கண்ணாடி போத்தல எட்டிப் பாத்த ஒரு அம்மா "ஓ, ஜெந்தெக்-ஜெந்தெக்கா?"னாங்க, மலாய்ல கொசுப்புழுவுக்கு அதான் பேரு. அவ்ளோதான் விஷயம்! அப்புறம் அவங்களே ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க: பூஜாடிய கழுவாம ரெண்டு மாசம் காயப் போட்டு வச்சிருந்தேன், தண்ணி ஊத்தி ரெண்டே நாள்ல புழு எங்கருந்து வந்துச்சு?

நோட்டீஸ்ல இதுக்குப் பதில் இல்ல. ஆனா முழு சங்கதியும் அந்தக் கேள்விலதான் இருக்கு. ஏடிஸ் கொசு முட்டைய தண்ணிக்குள்ள போடாது, தண்ணிமட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஈரமா இருக்குற சுவத்துல ஒட்ட வச்சிட்டுப் போயிரும், அது காஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட கெடக்கும், மறுபடி தண்ணி பட்டதும் பொரிச்சிரும், அங்கருந்து பறக்குற கொசுவாக ஏழுலருந்து பத்து நாள் போதும். அதனால கொட்டினா மட்டும் பத்தாது, பிரஷ் போட்டுத் தேய்க்கணும். இத அந்த அம்மா பக்கத்துல நின்ன நாலு பேருக்கு என்னைவிட நல்லா சொன்னாங்க. பிரிட்ஜுக்குப் பின்னால இருக்குற தட்டு வரைக்கும் பேச்சு போச்சு. இந்த வருசம், 2026 தைப்பூசத்துக்கு நோட்டீஸே அடிக்கல, போத்தலும் ஒரு பழைய ஜாடியும்தான், கூட்டம் நல்லாவே நின்னுச்சு. தூய தமிழ் வேணும்னு சொன்ன செயற்குழு நண்பருக்கு இன்னும் என்மேல கோவம், பரவால்ல.

ஜூன் மாசக் கூட்டம் நிப்பா வைரஸ் பத்தி. மண்டபத்துக்காரர் எங்க தேதிய ஒரு பொறந்தநாளுக்கும் குடுத்துட்டதால வெளி வராந்தாவுல நடந்துச்சு, ஆனா வருசத்துலயே நல்ல கூட்டம் இதுதான்னு நான் சொல்வேன். பேசினது ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா. 1998 கடைசில ஈப்போ பக்கம் ஆரம்பிச்சு நெகிரி செம்பிலான் வரைக்கும் போன காய்ச்சல், முதல்ல ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு நெனச்சு கொசுப்புகை அடிச்சாங்க, ஊசி போட்டாங்க, நிக்கவே இல்ல. 265 பேருக்கு வந்து 105 பேர் போயிட்டாங்க. 1999 மார்ச்சுலதான் மலாயாப் பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங் அது வேற ஒரு புது வைரஸ்னு கண்டுபிடிச்சாரு, பழந்தின்னி வவ்வால்லருந்து பன்றிக்கு, பன்றிலருந்து ஆளுக்கு.

அப்ப நம்ம லோரி அண்ணன் எழுந்திரிச்சு, "அன்னிக்கு தப்பா சொன்னீங்கன்னா இன்னிக்கு சொல்றத நான் ஏன் நம்பணும்?"னு கேட்டாரு. ஒரு நிமிசம் யாரும் பேசல. எனக்கு வேர்த்துருச்சு, பேச்ச மாத்தலாமான்னு பாத்தேன். அக்கா அசரல. கொசுவால வந்திருந்தா பிள்ளைங்களுக்குத்தான் அதிகம் வரணும், வந்தது பன்றிப் பண்ணைல வேலை செஞ்ச பெரிய ஆம்பளைங்களுக்கு, அதுவும் ஊசி போட்டவங்களுக்கும் வந்துச்சு, கணக்கு ஒத்து வரலையேன்னு உள்ளுக்குள்ளயே சில டாக்டருங்க சந்தேகப்பட்டு தோண்டினதாலதான் உண்மை வெளிய வந்துச்சு, கேட்டது உங்கள மாதிரி ஆளுங்கதான் அண்ணேன்னாங்க. அண்ணன் சமாதானம் ஆனாரான்னா, முழுசா இல்ல. ஆனா அடுத்த மாசமும் வந்தாரு, சந்தாவும் கட்டினாரு.

ஏப்ரல் 3 நிழல் இல்லா நாள் பத்தி சுருக்கமா: பினாங்குல சூரியன் நேர் தலைக்கு மேல வர்றது 12 மணிக்கு இல்ல, 1.20 தாண்டிதான், ஏன்னா 1982 ஜனவரி 1ல கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சாங்க, அதுக்கு முன்னாடியும் நம்ம நேரம் சூரியன விட முன்னால ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. பெருசுங்களுக்கு அந்த அரை மணி நல்லா ஞாபகம் இருக்கு. போத்தல் நிழல் காணாமப் போனத விட அவங்க கதைதான் அன்னிக்கு அதிக நேரம் ஓடுச்சு.

செப்டம்பர் 8 விடிய 1.30லருந்து 2.52 வரைக்கும் முழு சந்திர கிரகணம், பிளாட் கார் பார்க்ல. 82 நிமிசம். ஒரு பாட்டி தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கையோட வந்துட்டாங்க, கிரகணத்துலதான் நிக்கும்னு. நம்ம ஆளு ஒருத்தர் சிரிச்சாரு, உடனே பாதி பேர் முகம் மாறிப் போச்சு. தலைவர் அண்ணன்தான் "நிறுத்துங்க பாட்டி, நான் டைம் பாக்குறேன்"னாரு. நின்னுச்சு. எல்லாரும் கைதட்டினோம். அடுத்த ஞாயித்துக்கிழமை பகல்ல பாட்டி வீட்டுக்கே பசியாறப் போயி, அதே தாம்பாளம், அதே உலக்கை, அப்பயும் நின்னுச்சு. பாட்டி ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, "அடி சமமா இருந்தா எப்பவும் நிக்கும் போலயே"ன்னாங்க. நாங்க வாயத் தொறக்கல.

வர்ற 2026 மார்ச் 3 மாசிப் பௌர்ணமி மறுபடி முழு கிரகணம். பினாங்குல நிலா ஏழரை வாக்குல உதிக்கும்போதே மறைஞ்சு செவந்துதான் வரும், 8.03 வரைக்கும் முழுசு, 9.17க்கு நிழல் விலகிரும். கிழக்கு தெரியணும், அதனால கர்ப்பால் சிங் டிரைவ் கரை. ஏழு மணிக்கு வந்துருங்க. பாட்டி உலக்கையோட வர்றேன்னு சொல்லியிருக்காங்க, வேன் யாருகிட்ட இருக்குன்னு இன்னிக்கே கை தூக்குங்க.