புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

புதுச்சேரி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் பள்ளியில் மறைக்கல்வி முடித்த பிள்ளைகள் இந்த மாதம் அவரவர் பங்கில், அதாவது தங்கள் பகுதிக் கோவிலில், புதுநன்மை வாங்குகிறார்கள், அதாவது நற்கருணையை முதன்முறையாகப் பெறுகிறார்கள். சம்பா கோவில், நெல்லித்தோப்பு, அரியாங்குப்பம், வில்லியனூர் என்று இடம் வேறுபட்டாலும் தயாரிப்பு ஒன்றுதான். வெள்ளை உடையும் விருந்தும் வீட்டில் ஏற்கெனவே பேச்சாகியிருக்கும். வாங்கப்போவது எதை என்பதையும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். திருச்சபைச் சட்டம் 914 இந்தக் கடமையை முதலில் பெற்றோரிடம்தான் ஒப்படைக்கிறது.

திருப்பலியில் குருவானவர் இயேசுவின் வார்த்தைகளைச் சொல்லி அர்ச்சிக்கும்போது அப்பமும் திராட்சை இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன. நிறம், மணம், சுவை எதுவும் மாறாது. உட்பொருள் முழுவதும் மாறிவிடுகிறது. திருச்சபை ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1551இல் இதைத் தெளிவாக வரையறுத்தது. வகுப்பில் கேட்டால் சில பிள்ளைகள் "இயேசுவை ஞாபகப்படுத்தும் அடையாளம்" என்கிறார்கள், சிலர் "அப்பத்துக்குள்ளே இயேசு இருக்கிறார்" என்கிறார்கள். இரண்டையும் திருத்துங்கள். அர்ச்சித்த பிறகு அங்கே அப்பம் இல்லை, அப்பத்தின் தோற்றம் மட்டுமே உண்டு. உடைந்த துண்டு கிடைத்தாலும் முழுக் கிறிஸ்துவையே வாங்குகிறோம். கிண்ணத்தில் பருகாததால் எதுவும் குறைவதில்லை. பெரிய இறையியல் பிள்ளைக்கு வேண்டியதில்லை. புத்தி விவரம் தெரியும் வயது, ஏறக்குறைய ஏழு, போதும் என்று 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் முடிவுசெய்தபோது கேட்டதும் இதைத்தான்: சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் பிள்ளை வேறுபாடு அறிய வேண்டும். ஒத்திகையில் கொடுப்பது அர்ச்சிக்கப்படாத அப்பம். இதை வீட்டிலும் ஒருமுறை சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கும் அதே அப்பம்தான் என்று பிள்ளை நினைத்துவிடும்.

புதுநன்மைக்கு முன் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவது, கட்டாயம். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். சொன்னது என்ன என்று பிறகு விசாரிக்கவும் கூடாது.

உபவாசம் ஒரு மணி நேரம். திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். தண்ணீரும் மருந்தும் உபவாசத்தை முறிக்காது. நோயுற்ற பிள்ளைக்கு இந்த விதி பொருந்தாது. பாட்டி காலத்தில் நள்ளிரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. அதை நினைத்து முந்தின இரவிலிருந்து பட்டினி போட்டுவிடுகிறார்கள், வெயிலும் கூட்டமும் சேர்ந்து பிள்ளை கோவிலுக்குள்ளேயே மயங்கி விழுகிறது. திருப்பலி எட்டு மணிக்கு என்றால் ஏழு மணிக்குள் இரண்டு இட்லி கொடுத்துவிடுங்கள். அதன்பின் சூயிங்கம், மிட்டாய், பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

உங்கள் பங்கின் வழக்கப்படி நாவிலோ கையிலோ வாங்கலாம். கையில் என்றால் இடது உள்ளங்கை மேலே, வலது கை அதைத் தாங்கியபடி கீழே. இடக்கையில் வாங்குவதா என்று பெரியவர்கள் தயங்குவார்கள்; வலது கையால் எடுத்து வாயில் வைப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. "கிறிஸ்துவின் உடல்" என்றதும் "ஆமென்" என்று காதில் விழும்படி சொல்ல வேண்டும். அங்கேயே, குருவானவர் முன்னிலையிலேயே உட்கொண்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கையில் வைத்துக்கொண்டே இருக்கைக்கு நடப்பது, சட்டைப்பையில் போடுவது ஆகியவைதான் அடிக்கடி நடக்கும் தவறுகள், அவற்றுக்குக் காரணம் பயம். "பல்லில் பட்டால் இரத்தம் வரும்" என்று யாரும் மிரட்டாதீர்கள். மெல்லுவதில் தவறே இல்லை. நற்கருணை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் விரலை விடாமல் நாவால் மெதுவாக எடுக்கலாம். கீழே விழுந்தால் பிள்ளை காலை நகர்த்தாமல் நிற்கட்டும், குருவானவர் எடுத்துக்கொள்வார். வாயில் வைத்தது குமட்டி வெளியே வந்துவிட்டால் குப்பையில் போடாமல் அவரிடமே கொடுங்கள். தண்ணீரில் கரைத்து உரிய இடத்தில் ஊற்றுவார்.

அப்பம் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே சேர்ந்தது. கோதுமை ஒவ்வாத பிள்ளை இருந்தால் இந்த வாரமே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். அரிசி அப்பமோ குளூட்டன் அறவே நீக்கிய அப்பமோ செல்லாது. குளூட்டன் மிகக் குறைந்த கோதுமை அப்பம் செல்லும். அதுவும் ஆகாதென்றால் இரசத்தின் வடிவில் மட்டும் வாங்க வழியுண்டு. அதற்குத் தனிக் கிண்ணம் வேண்டும், ஏனென்றால் திருப்பலியில் குருவானவர் அப்பத் துணுக்கு போட்ட கிண்ணம் அந்தப் பிள்ளைக்கு உதவாது. கடைசி நாளில் சொன்னால் ஏற்பாடு செய்ய முடியாது.

தோழர்களுக்காகத் திருப்பலிக்கு வரும் இந்து, முஸ்லிம் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வருகை எங்களுக்கு மகிழ்ச்சி. கோவில் பிரசாதம்போல வந்தவர் எல்லோருக்கும் கொடுப்பது அல்ல நற்கருணை. எனவே வரிசை எழும்போது பிள்ளைகள் இருக்கையிலேயே அமர்ந்திருக்கட்டும். நண்பன் போகிறானே என்று பின்னாலேயே போய்விடுவது பிள்ளைகளின் இயல்பு, அதனால் வீட்டிலேயே முன்கூட்டிச் சொல்லி அனுப்புங்கள். அப்படி யாராவது வந்துவிட்டாலும் குருவானவர் கடிந்துகொள்ள மாட்டார், ஆசி கொடுத்து அனுப்புவார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்