அன்பாய் ஊற்றினாலும் புரையேறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ஏற்காட்டு மலையிலுள்ள ஒரு முதியோர் இல்லம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "மறதிநோய் வந்தவர்கள் மீண்டும் குழந்தைகளாகிவிடுகிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளப் படிப்போ பயிற்சியோ வேண்டாம், அன்பு ஒன்றே போதும்" என்று எழுதியிருந்தார் தங்கள் நிருபர். பக்கத்திலேயே பெரிய படம். சாய்வு நாற்காலியில் மல்லாந்த வாக்கில் ஒரு பாட்டி. பணிப்பெண் அவருடைய மோவாயைத் தூக்கிப் பிடித்துச் சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றுகிறார். அடியில், 'மழலையாய் மாறிய மலைப்பாட்டி'.

மோனை நன்றாகவே வந்திருக்கிறது. புரையேறுவது என்றால் என்னவென்று தலைப்பு வைத்தவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நம் பழக்கம். நோய் முற்றியவருக்கு விழுங்கும் ஒழுங்கே தடுமாறும். தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் சுலபமாக இறங்கிவிடும். சிலருக்கு இருமல்கூட வராது. இரண்டு நாளில் காய்ச்சல், அப்புறம் நிமோனியா. கடைசிக் கட்டத்தில் உயிர் போவதற்கான முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று என்பது தாங்கள் அறியாததல்ல. நிமிர்ந்து உட்காரவைத்து, பாதம் தரையில் படும்படி பார்த்து, மோவாய் சற்றே தாழ, சின்ன டம்ளரை உதட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வாய் உள்ளே போனது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்கவிடக் கூடாது. கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்தெடுக்க வேண்டும். மொறுமொறுவென்ற தட்டுவடை செட்டு ஆகவே ஆகாது. பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசியும் ஆகாது. நீரும் கட்டியும் கலந்து வந்தால் வாய்க்கு எதை முதலில் சமாளிப்பது என்று தெரியாது. ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்துக்காரர்களிடம் இதைச் சொல்வது சங்கடம்தான், என்ன செய்ய?

குழந்தைகளாம். எழுபத்தைந்து வயதுத் தலைமையாசிரியரிடம் "பாப்பா, ஆ காட்டு" என்றால் கையைத் தட்டிவிடத்தான் செய்வார். குறிப்பேட்டில் அது 'அடம்' என்று ஏறும். ராத்திரி ஒரு தூக்க மாத்திரை. விடியற்காலையில் அந்த மயக்கத்தோடு கழிவறைக்கு எழுந்தால் விழுந்து இடுப்பெலும்பு முறியும். குளியலும் இப்படித்தான் கெடுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து தலையில் ஒரு சொம்பு ஊற்றினால் யாருக்கும் தூக்கிவாரிப்போடும். தண்ணீர் ஊற்றப் போவதாகச் சொல்லிவிட்டு, முதலில் பாதம், பிறகு முழங்கால், தோள் என்று வந்து, தலையைக் கடைசியில் நனைத்தால் பாதிச் சண்டை குறையும். பளபளவென்று மெழுகிய சிவப்புத் தரை அவர்கள் கண்ணுக்கு ஈரமாகத் தெரியும், கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும். கால் வைக்க மாட்டேன் என்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். குளியலறை உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவதும், இருட்டு விழும் முன்பே விளக்கைப் போட்டுவிடுவதும் காசு செலவில்லாத வேலை. இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும். பணியாளர்களுக்குச் செவிலியர்களாகிய நாங்கள் பயிற்சி தருவது இதைத்தான். தங்கள் நிருபர் ஒரே வரியில் அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

பழைய பாக்கிகளும் உண்டு. ஆண்டுதோறும் செப்டம்பர் 21, உலக அல்சைமர் தினத்தன்று, சுருங்கிய கை ஒன்றின் படம் தங்கள் இதழில் தவறாது. அதே பக்கத்தில் ஞாபகசக்தி டானிக் விளம்பரமும் தவறாது. போன ஆடி மாதம், 'திடீரென வெறிபிடித்த முதியவர். கட்டிப்போட்ட குடும்பம்' என்று செய்தி. மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளர்வது. ஒன்றிரண்டு நாளில் ஆள் தலைகீழாக மாறினால் உடம்பில் வேறேதோ கோளாறு: சிறுநீர்த் தொற்று, நாலு நாள் மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, ரத்தத்தில் சோடியம் குறைவு, சளிக்கென்று கடையில் வாங்கிப் போட்ட சி.பி.எம். என்கிற ஒவ்வாமை மாத்திரை. அன்றே மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் தணிந்துவிடும். கட்டிப்போட்டால் புண்ணும் பயமும்தான் மிச்சம். மறதி என்றாலே மருந்தில்லை என்று எழுதுகிறீர்களே, தைராய்டு, பி12 குறைபாடு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் உறைந்த ரத்தம் ஆகியவற்றாலும் மறதி வரும்; அவற்றுக்கு வைத்தியம் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடம் படுக்கைப்புண்ணைக் காட்டலாம் என்று வாசகருக்கு ஒரு வரி எழுதியிருப்பீர்களா?

நான் கேட்பது சின்ன விஷயம். 'காணவில்லை' அறிவிப்பில் மாநிறம், ஐந்தடி நான்கங்குலம், நீலக் கட்டம் போட்ட லுங்கி, 'மனநலம் குன்றியவர்' என்று போடுகிறீர்கள். கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு 'மறதிநோய் உள்ளவர்' என்று போடுங்கள். அதோடு மூன்று விவரங்கள் சேர்க்கவும்: எந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார், வீட்டில் என்ன மொழி, முன்பு எங்கே குடியிருந்தார் அல்லது வேலை பார்த்தார். இந்த நோயில் பிற்பாடு கற்ற மொழி பலருக்கு முதலில் நழுவும். தெலுங்கும் சௌராஷ்டிரமும் கன்னடமும் வீட்டில் பேசுகிற சேலத்தில், தமிழில் கேட்டு பதில் வராத பெரியவரை 'ஊமை' என்று பேருந்து நிலையத்தில் விட்டுப் போவார்கள். வழி தவறியவர்கள் பலர் பழைய வீட்டையோ, பழைய தறிக்கூடத்தையோ தேடித்தான் நடக்கிறார்கள். அங்கே தேடினால் சீக்கிரம் கிடைக்கலாம். அடியில் முதியோர் உதவி எண் 14567 என்றும், காலை 8 முதல் இரவு 8 வரை என்றும் சேர்த்தால் நல்லது.

மொத்தம் நாலு வரி. இடமில்லையென்றால் டானிக் விளம்பரத்தில் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
கன்னங்குறிச்சி, சேலம்.