மரத்தடியில் தங்கிய பனி

தாவோஸ், சுவிட்சர்லாந்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே பனி தாமதமாகத் தொடங்கியது. தொடங்கியபின் நான்கு நாள் ஓயவில்லை.

மலையிலிருந்து சரிந்து பாயும் பனியை, அதாவது பனிச்சரிவை, கணினிக்குள் எப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். கணக்கு வாத்தியாரான உனக்கு இது எளிது. 1955இல் வோல்மி என்ற சுவிஸ் பொறியாளர், ஓடும் பனியைத் தடுக்கும் உராய்வை இரண்டாகப் பிரித்தார். ஒன்று பனியின் எடையைப் பொறுத்தது. மற்றது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. இங்குள்ள பனி ஆய்வு நிறுவனத்தின் ‘ராம்ஸ்’ மென்பொருள் இன்றும் அந்த அடிப்படையில்தான் மலையின் மேடுபள்ளங்கள் மீது பனியை ஓடவிடுகிறது. ஆனால் உராய்வுக்கு என்ன எண் போடுவது? அதை மலைதான் சொல்ல வேண்டும். முன்பு விழுந்த சரிவுகள் எங்கே போய் நின்றன என்று பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். வலே மாநிலத்தின் சியோன் பள்ளத்தாக்கில் 20 மீட்டர் உயரக் கம்பம் ஒன்று பனிச்சரிவின் பாதையிலேயே நிற்கிறது, மோதும் அழுத்தத்தை அளக்க.

எனக்குப் பிடித்தது காடு. முன்பெல்லாம் காடு உள்ள இடத்தில் உராய்வைக் கூட்டிவைப்பதோடு சரி. போன வாரம், சிறிய சரிவு ஒன்று புகுந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு மரத்தின் மேட்டுப்பக்கத்திலும் பனி ஆப்பு வடிவில் இறுகிக் கிடந்தது, என் இடுப்பு உயரத்துக்கு. கோலைக் குத்தினால் இறங்கவில்லை. வந்த பனியில் ஒரு பங்கை மரங்கள் அப்படியே பிடித்துவைத்துக்கொண்டன! இப்போது கணக்கிலும் காட்டுக்குள் நுழையும் பனியிலிருந்து நொடிக்கு நொடி ஒரு பங்கைக் கழிக்கிறோம். சிறிய சரிவுகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. பெரியது வந்தால் மரங்களே முறிந்து அதனோடு போய்விடும். சரிவு கிளம்பும் இடத்திலேயே காடு இருந்தால்தான் பெரும்பயன்.

என்னைத் தூங்கவிடாதது பனிச்சரிவு அபாய வரைபடத்தின் சிவப்புக் கோடு. 300 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய சரிவு சதுர மீட்டருக்கு 3 டன்னுக்கு மேல் அழுத்தும் என்றால் அந்த நிலம் சிவப்பு. அங்கே புது வீடு கட்டக் கூடாது. திரையில் அந்தக் கோடு கத்தியால் கீறியது போலத் துல்லியமாகத் தெரிகிறது. உராய்வு எண்ணைச் சற்றே மாற்றினால் நகர்ந்துவிடுகிறது. நகரும் அந்தச் சிறு இடைவெளியில் ஒரு குடும்பத்தின் மனை இருக்கும். அதனால் எண்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கிறேன். ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டுகிறேன். முதியவர்களிடம், “உங்கள் தாத்தா காலத்தில் பனி எதுவரை வந்ததாம்?” என்று கேட்கிறேன். தொழுவத்துச் சுவரைத் தொட்டுக்காட்டி ஒரு பாட்டி சொன்ன பதில், மூன்று நாள் நான் ஓட்டிய கணக்கைத் திருத்தியது.

உன் மாணவர்களோடு ஒன்று செய்து பார். சாய்த்த பலகையில் தீக்குச்சிகளை நட்டு, மேலிருந்து மணலைக் கொட்டு. குச்சிகளின் மேட்டுப்பக்கம் தங்கும் மணலை எடை போடு. குச்சிகளை நெருக்கி நட்டு மறுபடியும் செய். இரண்டு எடைகளையும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்