விருது அறிவிப்போடு லேன் ஆயிலின் படத்தையும் போடுங்கள்

அமெரிக்கத் தொழில்முறை பௌலர்கள் சங்கத்தின் (பி.பி.ஏ.) பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பௌலர் என்றதும் கிரிக்கெட் பந்து ஞாபகம் வருகிற ஊர்க்காரன் நான். ஆனாலும் பத்து பின்களை உருட்டித் தள்ளும் உங்கள் ஆட்டத்தைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். நீங்கள் வருஷாவருஷம் தரும் 'ஆண்டின் சிறந்த வீரர்' விருதைப் பற்றி ஒரு வேண்டுகோள்.

ஒளிபரப்பாளர் கிறிஸ் ஷென்கெலின் பெயரைத் தாங்கிய விருது அது. ஆட்டக்காரர் அல்லாத ஒருவரின் பெயரை வைத்தது எனக்குப் பிடித்தே இருக்கிறது. அவர் குரல் வழியாகத்தானே பாதி அமெரிக்கா இந்த ஆட்டத்தைப் பழகியது! என் குறை பெயரில் இல்லை, அறிவிப்பில். எத்தனை பட்டம், என்ன சராசரி, எவ்வளவு பரிசுப்பணம் என்று சொல்கிறீர்கள். பந்து உருளும் பாதையான லேனில் எந்த விதமாகப் பூசிய ஆயிலில் ஆடினார் என்பதை மட்டும் காணோம்.

லேனில் பூசியிருக்கும் ஆயில் கேமராவுக்குத் தெரியாது, வீட்டில் பார்ப்பவனுக்கும் தெரியாது. கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. சீட்டா என்ற பெயரில் கொஞ்ச தூரமே பூசும் குட்டை ஆயில் என்றால் பந்து வழுக்குவது முடிந்து சீக்கிரமே திரும்பிவிடும், ஓரக் கால்வாயை ஒட்டியே விட வேண்டும். ஷார்க் என்ற பெயரில் நெடுந்தூரம் பூசும் நீள ஆயிலில் அதே பந்து திரும்பவே திரும்பாது, நடுவிலேயே வழி தேட வேண்டும். போதாததற்கு, ஒவ்வொரு பந்தும் ஆயிலை வழித்துக்கொண்டு போகும். முதல் ஆட்டத்தில் இருந்த வழி மூன்றாவதில் இருக்காது.

2011 ஜனவரியில் நடந்த டூர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்லாந்தின் மிக்கா கோய்வுனியெமி ஒரே பந்தில் பத்து பின்னையும் சாய்க்கும் ஸ்ட்ரைக்கை வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பந்தில் ஒரே ஒரு பின் அசையாமல் நின்றது. முழு 300-க்கு ஒன்றே குறைவு, 299. எதிரே ஆடிய டாம் டாட்டர்டி எடுத்தது 100. அவரும் தொழில்முறை ஆட்டக்காரர்தான், ஆடியதும் அதே லேனில்தான்! கோய்வுனியெமி அந்தப் போட்டியை வென்று 2,50,000 டாலர் வாங்கினார், அந்தப் பருவத்தின் விருதும் அவருக்கே போனது. அவர் கண்டுபிடித்த வழி என்ன, டாட்டர்டிக்குத் தப்பிப்போனது எது என்று பட்டங்களின் எண்ணிக்கை சொல்லுமா?

வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியரும் ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மோன்டேயும் ஆளுக்கு ஏழு முறை இந்த விருதை வாங்கியவர்கள். பெல்மோன்டே இரண்டு கையால் உருட்டுவதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன் (இப்போது வெட்கமாக இருக்கிறது). குழந்தையில் பந்தின் கனம் தாங்காமல் இரண்டு கையால் பிடித்த பழக்கமாம். அந்தப் பிடியில் கிடைக்கும் சுழற்சி எந்த ஆயிலில் கைகொடுத்தது, எதில் காலை வாரியது என்று யாராவது வரிசையாக எழுதிக் காட்டியிருந்தால் நான் அத்தனை நாள் சிரித்திருக்க மாட்டேன்.

கேட்பது சின்ன விஷயம். அறிவிப்பில் ஒவ்வொரு பட்டத்துக்கும் பக்கத்தில் அந்த வார ஆயிலின் நீளம், அளவு, பூசிய விதத்தைக் காட்டும் படம், அதில் மற்றவர்கள் எடுத்த சராசரி, இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். ஓட்டுப்போடுபவர்கள் கைக்கும் அதே பக்கம் முன்கூட்டியே போகட்டும்.

பழைய பருவங்களுக்கும் போடுவதாக இருந்தால் 2010–11-இலிருந்து தொடங்குங்கள். 299-க்குக் கிடைத்த கைதட்டல் போதும், அந்த 100-க்கும் ஒரு விளக்கம் கிடைக்கட்டும்.

அன்புடன்,
ஞாயிற்றுக்கிழமை மட்டும் லேன் பக்கம் போகும் ஒரு ரசிகன்