இரவல் அட்டைக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்துகொண்டே, வலையமைப்புச் செயலிகள், அதாவது வலையமைப்பில் ஓடும் தரவைக் கையாளும் சிப்கள், பற்றிய முதுதத்துவமாணி ஆய்வைக் கடந்த மாதம் நிறைவு செய்தேன். ஆய்வேட்டில் நன்றியுரைக்கு ஒதுக்கப்படுவது ஒரு பக்கந்தான். அதில் மேற்பார்வையாளர், பீடாதிபதி, பெற்றோர் என்று முறைப்படி எழுதி முடித்தபோது, இந்த வேலையைத் தூக்கி நிறுத்தியவர்களில் பாதிப்பேருக்கு இடமில்லாமல் போயிற்று. அந்தக் கடனைத் தீர்க்கவே இந்த மடல். பெயர் சொல்லி நன்றி கூறவே ஆசை. ஆனால் எமக்குக் கைகொடுத்த நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம், எழுத்துமூல அனுமதியின்றி அதன் பெயரையோ ஊழியர் பெயரையோ வெளியிடலாகாது என்கிறது. அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆகவே பெயரில்லாமலே எழுதுகிறேன். வாசித்ததும் உரியவர்கள் தம்மை அறிந்துகொள்வார்கள்.

இந்த ஆய்வு 2022ஆம் ஆண்டில், எதைத் தொடங்குவதற்கும் ஏற்றதல்லாத ஒரு காலத்தில் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து புதிய வலையமைப்பு அட்டைகள் இரண்டை வாங்குவதாகவே எமது முன்மொழிவு இருந்தது. மானியம் ரூபாயில் கிடைத்தது. அட்டையின் விலையோ டொலரில். மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தபின், பெட்ரோலுக்கும் மருந்துக்குமே டொலர் இல்லாத நாட்டில் எமது அட்டையை இறக்குமதி செய்ய நாணயக் கடிதம் திறந்து தாருங்கள் என்று வங்கியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் கொம்பனித்தெருவில் இயங்கும் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் தொலைபேசியில் அழைத்தார். தமது களஞ்சியத்தில் இன்டெல் ஐஎக்ஸ்பி 2400 செயலி பொருத்திய, நிரல் எழுதிப் பரிசோதிப்பதற்கான அபிவிருத்தி அட்டை ஒன்று பல ஆண்டுகளாகத் தூங்குகிறது, இரவலாக எடுத்துச் செல்லலாம் என்றார். “பழசுதான், ஆனால் படிக்கிறதுக்கு இதைவிட நல்லது கிடையாது, மிஸ்” என்று அவர் சொன்னதை அன்று ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது முழு உண்மை என்று உணர எனக்கு ஓராண்டு பிடித்தது.

இத்துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். இணையத்தில் செல்லும் தரவு பொதி பொதியாகவே போகும். ஆய்வுகூடத்தில் நாங்கள் பக்கற் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மடலில் பொதி என்றே எழுதுகிறேன். ஒரு கிகாபிட் வேகத்தில் மிகச் சிறிய, அதாவது 64 பைற் பொதிகள் இடைவிடாமல் வந்தால், 672 நனோ செக்கனுக்கு ஒன்று வாசலில் நிற்கும். 600 மெகாஹேட்ஸில் ஓடும் இந்தச் செயலிக்கு அது ஏறத்தாழ 403 சுழற்சிகள், அதாவது செயலியின் கடிகாரத் துடிப்புகள். வெளி நினைவகத்தை ஒருமுறை தொட்டு வரவே நூறு சுழற்சிக்கு மேல் கரைந்துவிடும். ஒவ்வொரு பொதிக்கும் முகவரி தேட வேண்டும், எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், வெளியே அனுப்ப வேண்டும் என்றால் கணக்கு கட்டாது. அதனால் இச்செயலியில் நுண்ணியந்திரங்கள் எனப்படும் எட்டுச் சிறு செயலிகளும், ஒவ்வொன்றிலும் மாறி மாறி ஓடும் எட்டு நிரல் இழைகளுமாக (திரெட்கள்) மொத்தம் 64 பேர் நிற்கிறார்கள். ஒருவர் நினைவகத்தின் பதிலுக்குக் காத்திருக்கும்போது அடுத்தவர் தன் பொதியைக் கையிலெடுப்பார். ஒரு நுண்ணியந்திரத்தின் நிரல் முழுவதும் 4,096 கட்டளைகளுக்குள் அடங்க வேண்டும். தாராளமான கணினிகளில் நிரல் எழுதிப் பழகிய எனக்கு அது சிறிய வீட்டில் பெரிய குடும்பத்தோடு வாழப் பழகுவது போல இருந்தது.

அட்டை கிடைத்துவிட்டதே என்று மகிழ்ந்தால், அதைச் செருகுவதற்கு இயந்திரம் இல்லை. இத்தகைய அட்டையைச் செருகும் பழைய வகை நீண்ட பிசிஐ துளை கொண்ட கணினிகளை இப்போது யாரும் விற்பதில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியும் பயனில்லை. எமது பிரிவின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், கழித்துவிடுவதற்கென ஒதுக்கப்பட்டிருந்த பழைய சேவர் ஒன்றைப் பொருட்பதிவேட்டில் தேடிப்பிடித்து, அதைக் கழிக்காமல் வைத்திருக்க மூன்று படிவங்களில் கையொப்பம் வாங்கி, மின்விசிறியை மாற்றி, தூசு தட்டிக் கொண்டுவந்து வைத்தார். அந்தச் சேவர் இயங்கும்போது எழும் இரைச்சலில் பக்கத்து அறையில் விரிவுரை நடத்த முடியாது என்று முறைப்பாடு வந்ததும், அதை இரவு வேளைகளில் மட்டும் இயக்குவதாக வாக்குக் கொடுத்து என்னைக் காப்பாற்றியவரும் அவர்தான். ஐயா, உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்தது மென்பொருள். 2007இல் இன்டெல் தன் உயர்நிலை ஐஎக்ஸ்பி தொழில்நுட்பத்தை நெட்ரோனோம் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்துவிட்டு அத்துறையிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. அதன்பின் அபிவிருத்திக் கருவிகளை எங்கே தேடுவது? நிறுவனத்தின் மூத்த பொறியியலாளர் ஒருவர் தமது மேசை இழுப்பறையிலிருந்து ஓர் இறுவட்டை எடுத்துத் தந்தார். உறையில் பேனாவால் “எறிய வேண்டாம்” என்று எழுதியிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மென்பொருளான அதை நிறுவ ஒரு வாரம் போயிற்று. ஆனால் அந்த இறுவட்டு இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை.

அதே பொறியியலாளருக்கு இன்னொரு கடனும் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் எத்தனை பொதிகளை அனுப்புகிறது என்று செயலியிலேயே எண்ணி, திடீரென வீங்கும் போக்குவரத்தை உடனே கண்டுபிடிப்பதே எமது நோக்கம். எண்ணிக்கை சரியாக வந்தது. ஒரு பொதிகூட இழக்கப்படவில்லை. ஆயினும் அட்டையின் வழியாகப் பெரிய கோப்பொன்றை அனுப்பினால் வேகம் படுத்துவிடும். ஆறு வாரங்களாக, இழக்கப்படாத பொதிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டே, பொதிகளுக்கு வரிசை எண் இட்டு அனுப்பச் சொன்னார். திரையில் 117, 118, 120, 121, 122, 119 என்று வந்தது. அவர் பென்சிலால் அந்த 120ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், வேறொன்றும் சொல்லவில்லை.

பிழை என்னுடையது. ஒவ்வொரு பதினாறாவது பொதியின்போதும் எண்ணிக்கையை வெளி நினைவகத்தில் எழுதிவைக்குமாறு நிரலை அமைத்திருந்தேன். அந்தப் பொதியை வைத்திருந்த திரெட் எழுதி முடியும்வரை நிற்க, பின்னால் வந்த பொதிகளை வைத்திருந்த திரெட்கள் முந்திப் போய்விட்டன. ஒழுங்கு மாறி வரும் பொதிகளைப் பெறும் முனை, இதுவரை ஒழுங்காகக் கிடைத்தது எது என்று சொல்லும் ஒரே அத்தாட்சியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அப்படி மூன்று வந்துவிட்டால், அனுப்பும் முனையில் தரவு ஒழுங்காகச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி என்ற நெறிமுறை, பொதி தொலைந்துவிட்டது என்று முடிவு செய்து, அதை மீண்டும் அனுப்புவதோடு தன் வேகத்தையும் பாதியாக்கிக்கொள்ளும். தொலையாத பொதிக்காக வேகம் குறைந்துகொண்டே இருந்தது. திரெட்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சைகை கொடுத்து, தம் முறை வந்தபின்னரே பொதியை வெளியே விடவேண்டும் என்ற ஒழுங்கை அன்றிரவே எழுதினோம். “எரிபொருள் வரிசையில் நின்ற நமக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்” என்றார் அவர். அந்த வாரந்தான் காலி வீதியில் ஒருவர் வரிசையை முந்தப் போய்ப் பெரிய சண்டை நடந்திருந்தது. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுவதும் அந்தப் பென்சில் வட்டத்திலிருந்து பிறந்தது.

நிறுவனம் தந்த போக்குவரத்துத் தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயற்கைப் பொதிகளைக் கொண்டு எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம். மனிதர் பயன்படுத்தும் வலையமைப்பு வேறுவிதமாக நடந்துகொள்ளும். ஆனால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருந்த வேளையில், பாவனையாளர் தரவை வெளியே கொடுக்க எந்த நிறுவனமும் தயங்கும். அவர்களின் சட்டப் பிரிவில் பணியாற்றும் அம்மையார் ஒருவர் “முடியாது” என்று ஒற்றைச் சொல்லில் எம்மை அனுப்பிவிடாமல், எது தேவை, எது தேவையில்லை என்று பொறுமையாகக் கேட்டறிந்தார். பொதிகளின் உள்ளடக்கம் முழுவதையும் நீக்கி, முகவரி முதலியவற்றைக் கொண்ட தலைப்புகளை மட்டும் வைத்து, முகவரிகளை அவற்றின் முன்னொட்டு (வலையமைப்பைக் குறிக்கும் முற்பகுதி) உறவு கெடாதவாறு உருமாற்றித் தருவதென்று முடிவாயிற்று. இரண்டு முகவரிகள் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை என்பது எமக்குத் தெரியும். அவை யாருடையவை என்பது தெரியாது. அதற்குமேல் எமக்கும் தேவைப்படவில்லை.

எல்லாம் இப்படிச் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் வரைவு ஓர் அலுவலகத்தின் மேசையில் ஏழு மாதங்கள் கிடந்தது. அது எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். முடிவுகளைப் பிரசுரிக்கும் உரிமை ஆய்வாளருக்கு உண்டு என்ற ஒரே வரியைச் சேர்ப்பதற்குத்தான் அத்தனை காலம். அந்த வரி இல்லாமல் கையொப்பமிட மறுத்து என் மேற்பார்வையாளர் உறுதியாக நின்றார். அன்று எனக்கு அது வீண் பிடிவாதமாகப்பட்டது. அட்டையை ஒருவர் திருப்பிக் கேட்டால் இன்னோர் அட்டையை எங்காவது தேடிக்கொள்ளலாம், பிரசுரிக்கும் உரிமையைப் பிறகு தேட முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகும் பல மாதங்களுக்கு எமது பரிசோதனைகள் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தே நடந்தன. நள்ளிரவில் மின்சாரம் வந்ததும், வெள்ளவத்தையில் இருக்கும் எனக்கு வாயிற்காவலர் அழைப்பெடுத்து “மிஸ், லைட் ஆவா” என்று சிங்களத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நான் வீட்டிலிருந்தே சேவரை இணைத்துப் பரிசோதனையைத் தொடங்குவேன். அவரிடம் அதை யாரும் கடமையாக ஒப்படைக்கவில்லை. அட்டையைக் கொம்பனித்தெருவிலிருந்து ஏற்றிவந்த முச்சக்கரவண்டிச் சாரதிக்கும் நன்றி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, வேகத்தடை வந்த இடமெல்லாம் நடைவேகத்தில் ஓட்டினார்.

கட்டுரையை அனுப்பியபோது ஒரு மதிப்பாய்வாளர், இத்தனை பழைய சிப்பில் ஏன் ஆய்வு என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். 2001இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் லரி பீற்றர்சன் குழுவினர், ஐஎக்ஸ்பி 1200 அட்டையொன்றைச் சாதாரணக் கணினியில் பொருத்தி, ஏறக்குறைய 1,500 டொலர் செலவில், செக்கனுக்கு 34 இலட்சத்து 70 ஆயிரம் சிறு பொதிகளை அனுப்பும் ரவுட்டரை உருவாக்கிக் காட்டினார்கள். அந்தச் சிப் இன்று சந்தையில் இல்லை. அதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையை எமது மாணவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். புதிய சிப்பைத் தேர்ந்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறியிருக்காது: 2019இல் இன்டெல் வாங்கிய பெயர்பூட் நிறுவனத்தின் டொஃபினோ சிப் வரிசைக்கு, 2023 தொடக்கத்திலேயே மேலதிக வளர்ச்சி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பொதிகளின் ஒழுங்கும் நினைவகத்தின் தாமதமும் எந்தச் சிப்பிலும் இருக்கும் பிரச்சினைகள் என்று பதில் எழுதினோம். அதை ஏற்றுக்கொண்ட, யாரென்றே தெரியாத அந்த மதிப்பாய்வாளருக்கும் நன்றி.

இறுதியாண்டு மாணவர் மூவர், தம் செயற்றிட்டமாக இந்நிரலின் ஒரு பகுதியை, வலையமைப்புச் சாதனங்களுக்கான நிரல் மொழியான பி4இல் மீண்டும் எழுதி வருகிறார்கள். அவர்களுக்காக அட்டையை இன்னும் ஆறு மாதம் வைத்திருக்கலாமா என்று கேட்டோம்; தலைமைப் பொறியியலாளர் சரி என்று சொல்லிவிட்டார். இறுவட்டை மட்டும் இந்த வெள்ளிக்கிழமை நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். பிரதியெடுத்துக்கொண்டோம். உறை கிழிந்துபோனதால் புதிய உறை போட்டிருக்கிறேன். பழைய உறையில் இருந்த இரண்டு சொற்களை அதிலும் எழுதியிருக்கிறேன்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவின் சார்பில்,
கொழும்பு