நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிகளுக்கு,

வணக்கம். நான் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீசியனாக வேலை பார்க்கிறேன். உங்கள் கடைக்கு வாடிக்கையாளனும்கூட. சுக்கும் திப்பிலியும் சித்தரத்தையும் எங்கள் வீட்டில் தீர்ந்தால் உங்களிடம்தான் வருகிறேன். அதனால் 'இங்கிலீஷ் மருந்துக்காரன் நம்ம மருந்தைத் திட்ட வந்துட்டான்' என்று மடித்து வைத்துவிடாதீர்கள். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களும் எங்களிடம் உண்டு. அதற்கு மெடிக்கல் கடைக்காரர்களிடம் தனியாகச் சண்டை போட வேண்டும். இந்த மடல் உங்கள் கடையில் இருக்கும் இரண்டே சரக்குகளைப் பற்றியது: ஈசுவரமூலி, ஆடுதீண்டாப்பாளை.

இரண்டும் அரிஸ்டோலோக்கியா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. யாரும் கலப்படம் செய்ததில்லை, செடி தானாகவே தயாரிப்பது. கஷாயம் வைத்தாலும், இடித்துச் சலித்தாலும் அது முழுதாகப் போவதில்லை. உடம்புக்குள் போனதும் சிறுநீரக நுண்குழாய்களின் செல்களில் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, அந்த இடம் தழும்பாகிறது. ஆரம்பத்தில் கால் வீங்காது, சிறுநீரில் புரதமும் பெரிதாகப் போகாது. ஆள் வெளுத்துச் சோர்ந்துபோய் ரத்தம் பார்க்கும்போதுதான் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறியிருப்பது தெரியும். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருக்கும்.

'எங்க தாத்தா காலத்துலேருந்து விக்கிறோம், ஒருத்தரும் வந்து குறை சொன்னதில்லையே' என்பீர்கள். உண்மைதான், சொல்லியிருக்க மாட்டார்கள். பொட்டலம் வாங்கிப்போனவருக்குச் சில வருடம் கழித்து சிறுநீரகம் போகலாம். இன்னும் பல வருடம் கழித்து சிறுநீர்க்குழாயில் புற்றுநோய் வரலாம். அவருக்கே அந்தப் பொட்டலம் ஞாபகம் இருக்காது. வேறு எந்தச் சரக்குக்கும் உங்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன். இந்த நஞ்சைப் பொறுத்தவரை கடையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. அப்புறம், அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் நாலு நாள் கொடுத்தார்கள். இப்போது சர்க்கரைக்கு, உடம்பு இளைக்க என்று எந்தப் பொடியையும் மாதக்கணக்கில் தின்கிறார்கள். இது சேரச் சேரக் கெடுக்கும் நஞ்சு.

டாக்டர்களுக்கே கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? டான்யூப் ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய கிராமங்களில், குரோஷியா, போஸ்னியா, செர்பியா, பல்கேரியா, ருமேனியாவில், குடும்பம் குடும்பமாகச் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். 1950களிலேயே மருத்துவ ஏடுகளில் எழுதினார்கள். தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள், பூஞ்சையைச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் 2007இல் குரோஷிய நோயாளிகளின் சிறுநீரகத் திசுவிலேயே இந்த அமிலத்தின் தடயம் கிடைத்தது. கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோக்கியாவின் விதை, கோதுமையோடு அறுபட்டு, மாவாகி, ரொட்டியாகத் தட்டில் வந்திருக்கிறது.

பெல்ஜியத்தில் நடந்தது இன்னும் உங்கள் தொழிலுக்கு நெருக்கம். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க ஒரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஸ்டெபானியா என்ற சீன மூலிகை சேர வேண்டும். சீனாவில் அதற்கும் ஒருவகை அரிஸ்டோலோக்கியாவுக்கும் 'ஃபாங் ஜி' என்றே பெயர் வழங்கியதால் சரக்கு மாறிப்போனது. ஏறக்குறைய நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள். அவர்களில் 39 பேருக்கு, புற்றுநோய் வந்துவிடக் கூடாதே என்று, செயலிழந்த சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாயையும் எடுத்துச் சோதித்தபோது 18 பேருக்கு ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது.

நம்மிடம் அந்தக் குழப்பம் இல்லையா? ஈசுவரமூலி, பெருமருந்து, கருடக்கொடி எல்லாம் ஒரே கொடி. ஆகாசகருடன் கிழங்கு வேறு. 'கருடன் வேர் குடுங்க' என்று ஒருவர் கேட்டால் எதை எடுப்பீர்கள்? விருதுநகர் மொத்தக் கடையிலிருந்து காய்ந்த வேர் மூட்டையாக வந்து இறங்கினால், இலையும் பூவும் இல்லாமல் எதை வைத்து அடையாளம் பார்ப்பீர்கள்?

இந்த வகைச் செடிகள் சேர்ந்த மருந்துகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இலேயே, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற பட்டியலில் வைத்துவிட்டது. சீன வைத்தியம் ஊறிப்போன தாய்வானே 2003இல் தடை போட்டது. எட்டிக்கும் சேராங்கொட்டைக்கும் நீங்களே பயப்படுவீர்கள், கேட்பவரிடம் நாலு கேள்வி கேட்பீர்கள். ஈசுவரமூலிக்கு அந்தப் பயம் இல்லாததுதான் பிரச்சினை. என்னைக் கேட்டால், உள்ளுக்குச் சாப்பிட இந்த இரண்டையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடி வேலியோரம் இருந்துவிட்டுப் போகட்டும். அதைத் தின்றே வளரும் பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன; அந்த நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துத்தான் பறவைகளிடமிருந்து தப்பிக்கின்றன.

வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று இரும்பன்புளி என்ற புளிப்புக் காயைச் சாறாகப் பிழிந்து குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோனதை 2013இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. மீன்குழம்பில் ரெண்டு காய் போடுவது வேறு, வெறும் வயிற்றில் டம்ளர் சாறு வேறு. அதிலுள்ள ஆக்ஸலேட் என்ற உப்பு படிகமாகிச் சிறுநீரகத்தில் படிகிறது. அதன் உறவான நட்சத்திரப் பழத்தை ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர் சாப்பிட்டால் விடாத விக்கல் வரும், அப்புறம் குழப்பம், வலிப்பு, சில நேரம் உயிரே போகும்.

இன்னொரு வேண்டுகோள். எங்களிடம் வருகிறவரிடம் 'வேற என்ன சாப்பிட்டீங்க?' என்றால், 'ஒண்ணுமில்ல சார், பச்சிலைப் பொடிதான்' என்று பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுப்பார். காகிதத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. பழுப்பு நிறம், கசப்பு, அவ்வளவுதான் தெரியும். எட்டுச் சரக்கு சேர்ந்த பொடியில் எது என்று எந்த டாக்டரால் சொல்ல முடியும்? கேட்டால் 'கடையில குடுத்தாங்க' என்பார். கூட வந்தவருக்கும் தெரியாது.

கட்டிக் கொடுக்கும்போது பொட்டலத்தின் மேல் சரக்குகளின் பெயர், தேதி, கடை போன் நம்பர் மூன்றையும் எழுதிவிடுங்கள், அண்ணாச்சி. பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்கு வந்துபோகும் ஒரு டயாலிசிஸ் டெக்னீசியன்